பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும் ரயில்

மேட்டுப்பாளையம் - ஊட்டி நீராவி ரயிலில் இடம் பிடிப்பது பெரும்பாடு. அதைவிடப் பெரிய பாடு, அந்தத் தண்டவாளம் மலையில் நிலைத்து நிற்பது.

சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த நீலகிரி எக்ஸ்பிரஸ், காலை ஆறேகாலைத் தாண்டி மேட்டுப்பாளையத்துக்குள் நுழைகிறது. இதற்கு மேல் அந்த ரயில் போகாது. ஆகவே யாரும் அவசரப்பட வேண்டியதில்லை. ஆனாலும் வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே குதித்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். தோளில் தூங்கும் குழந்தை, ஒரு கையில் இழுத்து வரும் பெட்டி, பின்னால் மங்கி குல்லா மாட்டிய பாட்டி என்று ஒரு குடும்பம் அடுத்த பிளாட்பாரத்தை நோக்கி விரைகிறது. அங்கே நீலமும் சந்தன நிறமும் பூசிய குட்டைப் பெட்டிகள் நிற்கின்றன. முன்பதிவு செய்து, இருக்கை எண்ணைக் கையில் வைத்திருப்பவர்களும் சேர்ந்து ஓடுவதுதான் வேடிக்கை.

ஓடி வந்தவர்கள் முதலில் தேடுவது எஞ்சினை. ரயிலின் தலைமாட்டில் போய்ப் பார்த்தால் அங்கே இல்லை. முதல் பெட்டியின் முகப்பில் ஒரு சிறிய மேடை, அதில் கையில் கொடியோடு ஒரு ரயில்வே ஊழியர், அவ்வளவுதான். பிள்ளைகள் ஏமாந்து திரும்பி மறுகோடிக்கு ஓடுகிறார்கள். அங்கே கரிய உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, அடிவயிற்றிலிருந்து ஆவியைச் சீறிக்கொண்டு நிற்கிறது எஞ்சின். செல்போன்கள் உயர்கின்றன. 7.10-க்கு ஒரு நீண்ட கூவல். ரயில் நகர்கிறது, பின்னாலிருந்து தள்ளப்பட்டு.

நாற்பத்தாறு கிலோமீட்டர் போக இந்த ரயில் எடுத்துக்கொள்வது ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. இந்தியாவின் ஆக மெதுவான பயணிகள் ரயில் என்ற பட்டத்தை யாரும் கேலியாகச் சொல்வதில்லை; விளம்பரமாகவே சொல்கிறார்கள். பேருந்தில் போனால் இதில் பாதி நேரம்கூட ஆகாது. இருந்தும் கோடை விடுமுறை வந்தால் இதில் ஓர் இருக்கைக்கு நாடே மல்லுக்கு நிற்கிறது.

எஞ்சின் ஏன் பின்னால்?

மேட்டுப்பாளையத்தை விட்டதும் பவானி ஆற்றைக் கடந்து, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லாறு வரை ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் தூரம் இது சாதாரண ரயில்தான். கல்லாற்றைத் தாண்டியதும் வேகம் சட்டென்று விழுகிறது. கீழேயிருந்து ஒரு புதிய ஓசை எழுகிறது. இரும்பை இரும்பு கவ்வும் ஓசை.

ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தெரியாது. ஸ்டேஷனில் இறங்கி நின்று தடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நட்டநடுவில், அவற்றைவிடச் சற்று உயரமாக, பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்துக்கு நேரே மற்றதில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் இந்தப் பட்டைகளில் பதிந்து பதிந்து மேலே ஏறுகின்றன. ஒரு பல் விடுபடும் நொடியில் பக்கத்துப் பல் பிடித்திருக்கும். பிடியே இல்லாத கணம் என்று ஒன்று கிடையாது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த ஏற்பாடு இது. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இந்தியாவிலேயே பல்தடத்தில் ஓடும் ஒரே ரயில் இதுதான்.

ஏன் இத்தனை பாடு? கல்லாறு கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,712 மீட்டர். இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 1,300 மீட்டர் ஏற வேண்டும். சரிவு மிகக் கடுமையாக இருக்கும் இடத்தில் பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே போயாக வேண்டும். வழவழப்பான இரும்புச் சக்கரம், வழவழப்பான தண்டவாளம், அதன் மேல் மழை ஈரம். இந்தச் சரிவில் சாதாரண எஞ்சின் இருந்த இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும்.

எஞ்சின் வாலில் இருப்பதற்கும் காரணம் சரிவுதான். அது முன்னால் நின்று இழுத்து, நடுவில் ஒரு கொக்கி விட்டுப்போனால் பெட்டிகள் தாமாகப் பின்னோக்கி உருளும். எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இறங்கும்போதும் எஞ்சின் அதே கீழ்க்கோடியில் இருந்து பெட்டிகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வரும்.

சமதளத்தில் ஒரு ஜோடி சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். பல்தடம் தொடங்கியதும், அவற்றில் வேலை முடித்து வெளியே போக வேண்டிய ஆவியை வீணாக்காமல் இன்னொரு ஜோடி சிலிண்டர்களுக்குத் திருப்பிவிடுகிறார் ஓட்டுநர். அந்த இரண்டாம் ஜோடிதான் பற்சக்கரங்களை ஓட்டுகிறது. இறக்கத்தில் இதே சிலிண்டர்கள் வேடம் மாறுகின்றன. ஆவியை எடுத்துக்கொள்வதற்குப் பதில் காற்றை உள்ளிழுத்து அழுத்தி, ரயிலின் வேகத்தைத் தின்கின்றன. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் கொதித்துப்போகாமல் இருக்க உள்ளே தண்ணீர் செலுத்தப்படுகிறது. பிரேக் கட்டையை மட்டும் நம்பி இந்த மலையில் இறங்கினால் கட்டை தேய்ந்து தீர்ந்துவிடும்.

பெட்டிச் செய்தி: கணக்கில் மலை ரயில்

தூரம்: ஏறக்குறைய 46 கி.மீ. மீட்டர் கேஜ் பாதை.
உயரம்: மேட்டுப்பாளையம் 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர்.
வழியில்: 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள்.
பல்தடம்: கல்லாறு முதல் குன்னூர் வரை. அங்கே வேகம் மணிக்கு 13 கி.மீ.க்கு மேல் போகாது.
குன்னூர் வரை ரயில் வந்தது 1899 ஜூன். ஊட்டியை எட்டியது 1908 அக்டோபர்.
யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்: 2005 ஜூலை. டார்ஜிலிங் ரயில் 1999-லும், கால்கா - சிம்லா ரயில் 2008-லும் இதே பட்டியலில் சேர்ந்தவை.

கொடி பிடிக்கும் கைகள்

எஞ்சின் பின்னால் இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஓட்டுநருக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. பாறை உருண்டு கிடக்கலாம், யானை நிற்கலாம், மரம் விழுந்திருக்கலாம். அதைப் பார்க்கிறவர்தான் முதல் பெட்டியின் மேடையில் நிற்கும் அந்தப் பிரேக்ஸ்மேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர் இருக்கிறார். முன்னால் நிற்பவர் பச்சைக் கொடி காட்டினால் அடுத்தவர் காட்டுவார், அதைப் பார்த்து அதற்கடுத்தவர். இப்படிக் கைமாறி வந்து சேரும் கொடியைப் பார்த்துத்தான் ஓட்டுநர் ரயிலை நடத்துகிறார். சிவப்பு தெரிந்தால் ஒவ்வொருவரும் தத்தம் பெட்டியின் கைப்பிரேக்கைச் சுற்றி இறுக்குவார்கள். வயர்லெஸ் கருவிகள் வந்த பிறகும் கொடி போகவில்லை.

முதல் வகுப்பில் முன்வரிசை இருக்கைக்குத்தான் போட்டி அதிகம். எதிரே கண்ணாடி, அதற்கப்பால் விரியும் பாதை. அந்த இருக்கையில் உட்கார்ந்தவர்கள் படமெடுக்கும்போது ஃபிரேமுக்குள் பிரேக்ஸ்மேனின் முதுகு வந்து விழும். கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொல்லிக் கண்ணாடியைத் தட்டுகிறவர்களும் உண்டு. அவர் நகரமாட்டார். நகரக் கூடாது.

மழைக்காலத்தில் இன்னொரு கூட்டமும் வேலையில் இறங்குகிறது. தண்டவாளப் பராமரிப்பாளர்கள், ஊர்வழக்கில் கேங்மேன்கள். ரயில் வருவதற்கு முன்பே தடத்தை நடந்து பார்க்க வேண்டியவர்கள். ஒரு தோளில் கருவிகள், தலைக்கு மேல் மழை, இருபுறமும் காடு. எந்த வளைவுக்கு அப்பால் கரடி நிற்கும், எந்த ஓடையில் தண்ணீர் கலங்கி வந்தால் மேலே மண் இளகியிருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் நடந்து நடந்து கற்றவை. பயணச்சீட்டில் ‘பாரம்பரியம்’ என்று நாம் காசு கொடுத்து வாங்குவதில் பெரும்பங்கு இந்த உழைப்புதான். எஞ்சினைப் படமெடுக்கிற அளவுக்கு யாரும் இவர்களைப் படமெடுப்பதில்லை.

ஹில்குரோவில் டீயும் குரங்கும்

நீராவி எஞ்சினுக்குத் தாகம் அதிகம். ஏறும் வழியில் அங்கங்கே நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகும். ஹில்குரோவ் அப்படியொரு நிறுத்தம். ஊர் என்று சொல்ல அங்கே எதுவுமில்லை. ஒரு ஸ்டேஷன் கட்டடம், தண்ணீர்க் குழாய், சுற்றிலும் காடு. எஞ்சினுக்குத் தண்ணீர் ஏறும்வரை பயணிகளும் இறங்கிச் சூடாக டீயும் வடையும் தேடுகிறார்கள். குரங்குகள் அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கின்றன. வடையைக் கையில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுப்பவரின் படத்தில் பெரும்பாலும் வடை இருக்காது.

குரங்குக்கு பிஸ்கட் போடுவதைப் பலர் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். அந்த பிஸ்கட்தான் அதைக் காட்டை மறந்து தண்டவாளத்தில் குடியிருக்க வைக்கிறது. அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதற்குக் கீழேயே நின்று போடுகிறார்கள்.

அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமீடு, காட்டேரி என்று பெயர்கள் வெள்ளைக்காரப் பேச்சிலும் நம் பேச்சிலுமாக மாறி மாறி வருகின்றன. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு, எதிர்மலையில் பர்லியாறு வழியாக வளைந்தேறும் சாலை. பள்ளத்தாக்கு பெரும்பாலும் ஏறும்போது இடப்பக்கம்தான். வலப்பக்கம் கிடைத்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. குன்னூருக்கு மேலே காட்சி உங்கள் பக்கம் திரும்பும்.

ஐம்பதாண்டுத் திட்டம்

மலைக்கு ரயில் விட வேண்டும் என்ற பேச்சு 1854-லேயே தொடங்கிவிட்டது. கோடையில் சென்னையின் வெயில் தாங்காமல் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறும் காலம் அது. பிறகு மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தும், அங்கிருந்து டோங்கா வண்டியிலும் குதிரையிலும் பல்லக்கிலும் மலையேறினார்கள். ஐரோப்பாவின் முதல் பல்தட மலை ரயிலை ரிகி மலையில் 1871-ல் ஓட்டிக் காட்டிய நிக்லாஸ் ரிகன்பாக் வரைக்கும் யோசனை கேட்கப்பட்டது. 1891-ல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கிவைத்தார். தொடங்கிய கம்பெனி பாதியில் நொடித்தது. புதிய கம்பெனி எடுத்து முடித்தது. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போக மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

பாறையை உடைத்தவர்கள், காய்ச்சலில் விழுந்தவர்கள், சுரங்கம் குடைந்தவர்கள் யார் யார் என்று பலகை எதுவும் வழியில் இல்லை. ஆளுநர் பெயர் இருக்கிறது.

குன்னூருக்கு மேலே வேறு ரயில்

குன்னூரில் நீராவி எஞ்சின் விடைபெறுகிறது. அதன் ஷெட் இங்கேதான். இனி ஏற்றம் பாதியாகக் குறைவதால் பல்தடம் தேவையில்லை. டீசல் எஞ்சின் ஒன்று பொறுப்பை ஏற்கிறது. நீராவிக்காக வந்தவர்களில் சிலர் இங்கேயே இறங்கிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அது தவறில்லை. கல்லாறு - குன்னூர் தான் இந்த ரயிலின் உயிர். மீதி, இனிமையான மலைப் பயணம்.

ஆனால் இந்த மீதியில்தான் ரயில், ஊர்க்காரர்களின் ரயிலாக இருந்தது. வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் நூறாண்டு கடந்த கார்டைட் தொழிற்சாலை, லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி, ஊட்டியில் ஆட்சியர் அலுவலகமும் ஆஸ்பத்திரியும். வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் இதில் ஏறி இறங்கினார்கள். கேத்தி பள்ளத்தாக்கின் படுகர் ஊர்களும், கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்களும் இன்னமும் ஜன்னலில் ஓடுகின்றன. கேத்தி ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் மட்டும் மாறிவிட்டார்கள். ‘மூன்றாம் பிறை’ படத்தின் கடைசிக் காட்சி எடுத்த இடம் எது என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களே இன்று அதிகம்.

2018-ல் கட்டணம் ஒரே தாவலில் பல மடங்கு உயர்ந்தது. சுற்றுலா வருகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது; வருடத்துக்கு ஒருமுறை, வாழ்நாளுக்கு ஒருமுறை. தினமும் போய் வருகிறவர் பேருந்துக்கு மாறிவிட்டார். ரயில்வேயின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தப் பாதை நஷ்டத்தில் ஓடுவது. உதிரிபாகம் கடையில் கிடைக்காது. ஒரு பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் என்பது வேறெங்கும் இல்லாத செலவு. ஆனால் நஷ்டக் கணக்கைச் சுற்றுலாப் பயணியின் பையிலிருந்து ஈடுகட்டத் தொடங்கினால், ரயில் மெல்ல மெல்ல ஒரு கேளிக்கை வண்டியாக மாறிவிடும். 2020 டிசம்பரில், கொரோனா ஊரடங்குக்குப் பிறகு வழக்கமான ரயில் தொடங்கும் முன்பே, தனியார் ஒருவருக்கு வாடகைக்கு விடப்பட்ட ரயில் ஆயிரக்கணக்கான ரூபாய் கட்டணத்தில் மலையேறியபோது எழுந்த எதிர்ப்பு அந்த அச்சத்தின் குரல்தான். அது வாடகை ரயில்தான், தனியார்மயம் அல்ல என்று ரயில்வே விளக்கம் சொல்ல வேண்டிவந்தது.

ஆறாயிரம் வண்டிகளும் ஒரு ரயிலும்

இப்போது ஊட்டிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் இ-பாஸில் வந்து முடிகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது: கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. வியாபாரிகள் கடையடைத்தார்கள், உள்ளூர்க்காரர்களில் ஒரு பகுதியினர் இப்போதாவது ரோட்டைக் கடக்க முடிகிறது என்றார்கள். இரண்டும் உண்மை.

பொதுப் போக்குவரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அப்படியானால் வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ரயிலில் ஏறிவிடலாமே என்று தோன்றும். தோன்றுவதோடு சரி. காலையில் மேட்டுப்பாளையத்தில் புறப்படும் அந்த ஒற்றை ரயிலில் ஏறக்குறைய இருநூறு பேர் உட்காரலாம். ஆறாயிரம் வாகனங்கள் எங்கே, இருநூறு இருக்கைகள் எங்கே! பெட்டிகளைக் கூட்டவும் வழியில்லை. இந்தச் சரிவில் ஓர் எஞ்சின் தள்ளக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு. சீசனில் சிறப்பு ரயில்கள் விடுகிறார்கள். அவையும் முன்பதிவு திறந்த வேகத்தில் நிரம்பிவிடுகின்றன.

ஆகவே மலை ரயில் ஊட்டியின் நெரிசலைத் தீர்க்கும் என்று யாராவது மேடையில் பேசினால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நெரிசலைத் தீர்க்கப் பேருந்துகள் வேண்டும்; அடிவாரத்தில் வண்டி நிறுத்தப் பெரிய இடம் வேண்டும். ரயிலுக்கு அந்தச் சுமையை ஏற்றத் தேவையில்லை. உள்ளூர்க்காரர்கள் ஏறி இறங்கும் குன்னூர் - ஊட்டிப் பகுதியில் மட்டும், காலையிலும் மாலையிலும் அவர்களுக்கென்று மலிவான கட்டணத்தில் ஒரு பெட்டி ஒதுக்குவது அப்படியொன்றும் ஆகாத காரியமில்லை.

பெட்டிச் செய்தி: ஒரே நாளில் போய்வர

காலை 7.10-க்குப் புறப்பட்டால் ஊட்டியில் நண்பகல். இறங்கும் ரயில் பிற்பகல் 2 மணிக்கு. மேட்டுப்பாளையம் வந்து சேர மாலை ஐந்தரை தாண்டும். இரண்டையும் ஒரே நாளில் பிடித்தால் ஊட்டியில் கிடைப்பது இரண்டு மணி நேரம், அதாவது ஒரு சாப்பாடு. ரயிலில் ஏறி, பேருந்தில் இறங்குவதே புத்திசாலித்தனம்.
முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறக்கிறது. கோடையிலும் தொடர் விடுமுறைகளிலும் அன்றைய காலையிலேயே உட்கார்ந்தால்தான் உண்டு.
பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. நிறுத்தங்களில் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் இதைத் திட்டமிட்டுக்கொள்வது நல்லது.
நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.
மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் மலை ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. மாலையில் நேரமிருந்தால் பாருங்கள்.

பொன்மலை கொடுத்த மறுபிறவி

நூற்றாண்டு எஞ்சின் என்று வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டுப் பலர் பயபக்தியோடு தொட்டுப் பார்க்கிறார்கள். எல்லா எஞ்சினும் அப்படியல்ல. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையிலிருந்து எக்ஸ் வகை எஞ்சின்கள் முதல் உலகப்போர்க் காலம் தொட்டு வந்தன. கடைசித் தொகுதி வந்தது 1952-ல். அவை தேய்ந்து, உதிரிபாகம் கிடைக்காமல், பாதி வழியில் மூச்சு நின்றுபோகும் செய்திகள் அடிக்கடி வரத் தொடங்கியபோது, நீராவிக்கு முடிவு வந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

திருச்சி பொன்மலை பணிமனை அதை மாற்றியது. டீசல், மின்சாரம் என்று உலகமே மாறிய பிறகு, 2011 முதல் சில ஆண்டுகளுக்குள் எண்ணெயில் இயங்கும் நான்கு புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து மலைக்கு அனுப்பியது. பல்லாயிரம் பாகங்கள், பெரும்பாலானவற்றை வார்ப்பெடுத்துக் கடைந்து கையாலேயே பொருத்த வேண்டியவை. நீராவி எஞ்சின் செய்யும் கலையைக் கற்றுத்தர ஆளில்லாத காலத்தில் இதைச் செய்தார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் எஞ்சின் ஒன்றும் பொன்மலையிலிருந்து வெளிவந்தது. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை புதிய பெட்டிகளைச் செய்து கொடுத்தது.

நிலக்கரிதான் அசல், எண்ணெய் போலி என்று ரயில் ஆர்வலர்களிடையே ஒரு சச்சரவு நடந்துகொண்டே இருக்கிறது. கரிப்புகையின் மணம் தனிதான். ஆனால் மாசி, பங்குனியில் சருகாய்க் காய்ந்து கிடக்கும் சரிவுகளில் நெருப்புத் துணுக்குகளைத் தூவிக்கொண்டு போகும் எஞ்சினை வனத்துறையினர் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆவி ஆவிதான், அது எதில் கொதித்தது என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

எது எப்படியானாலும் எஞ்சின் பிரச்சினைக்கு விடை கிடைத்துவிட்டது. பழுதானால் இன்னொன்று செய்யலாம், கைகள் இருக்கின்றன. செய்ய முடியாதது ஒன்றுதான்: மலைச்சரிவு.

சரியும் மண்

தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்கே கூடலூரையும் பந்தலூரையும் நனைக்கும்போது குன்னூர்ச் சரிவு ஓரளவு தப்பிவிடும். அதற்கு வர வேண்டிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கிழக்கிலிருந்து வருகிறது. ரயில்பாதை ஏறுவது இந்தக் கிழக்குச் சரிவில்தான். செப்டம்பர் முடிந்ததும் ‘மண்சரிவு: மலை ரயில் ரத்து’ என்ற செய்தி வருவதும், இரண்டு நாளில் சரியாகி மீண்டும் ரத்தாவதும் வாடிக்கை.

1993 நவம்பரில் மரப்பாலம் அருகே மலையே பெயர்ந்து சாலையில் நின்ற வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. 2009 நவம்பரில் இரண்டு மூன்று நாள் பெய்த பேய்மழையில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் சரிவு. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்பாதை அங்கங்கே அந்தரத்தில் தொங்கியது. மீண்டும் ரயில் ஓட மாதக்கணக்கில் ஆனது.

மழை அதிகம் பெய்தால் மண் சரியும் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. 1899-ல் பாதை போட்டவர்கள் மழையை அறியாதவர்களல்ல. இருநூற்றைம்பது பாலங்களில் பெரும்பாலானவை ஆற்றுக்குப் போட்டவையல்ல. மழைநாளில் மட்டும் ஓடும் சிற்றோடைகளுக்குப் போட்ட சின்னஞ்சிறு பாலங்களும் மதகுகளும். மேலிருந்து வரும் தண்ணீர் தடத்தைத் தொடாமல் அடியில் புகுந்து பள்ளத்துக்குப் போய்விட வேண்டும். அன்று மேலே சோலைக்காடு இருந்தது. சோலை மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடும். சோலை போய்த் தேயிலை வந்தது; தேயிலைக்கு மேலே ரிசார்ட்டும் அடுக்குவீடும் அவற்றுக்கான சாலையும் வந்தன. கான்கிரீட்டும் தாரும் ஒரு சொட்டையும் வைத்துக்கொள்வதில்லை. ஓடையின் போக்கு மாறி, மதகு இல்லாத இடத்தில் தண்ணீர் வந்து மோதுகிறது. மதகு இருக்கும் இடத்தில் அதன் வாயைக் கட்டட இடிபாடும் குப்பையும் அடைத்திருக்கின்றன. ரயில்வே தன் எல்லைக்குள் எத்தனை கம்பிவலை போட்டாலும், எத்தனை தடுப்புச் சுவர் எழுப்பினாலும், அந்த எல்லைக்கு மேலே இருக்கும் நிலம் அதன் கையில் இல்லை.

அது யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் பதில் துண்டு துண்டாக வரும். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் ஒன்று இருக்கிறது. நகராட்சியும் பேரூராட்சிகளும் இருக்கின்றன. வனத்துறை, நெடுஞ்சாலைத்துறை, தனியார் தோட்டங்கள். கட்டட விதிமீறல் வழக்குகள் நீதிமன்றத்தில் வரிசையில் நிற்கின்றன. யுனெஸ்கோ பட்டயமோ தண்டவாளத்தையும் ஸ்டேஷன்களையும் பார்க்கிறது. அதற்கு மேலே இருநூறு மீட்டர் உயரத்தில் யார் புல்டோசர் ஓட்டுகிறார்கள் என்று அது கேட்பதில்லை.

யானைக்கு எழுப்பிய சுவர்

சரிவைத் தடுக்கப் போய் இன்னொரு சிக்கலில் மாட்டிய கதையும் உண்டு. கல்லாறு என்பது யானைகளின் நெடுங்கால வழித்தடம். 2022 தொடக்கத்தில், ஹில்குரோவ் பக்கம் பாதையை ஒட்டி எழுப்பப்பட்ட தடுப்புச் சுவரைத் தாண்ட முடியாமல் குட்டிகளோடு தண்டவாளத்திலேயே திணறி நின்ற யானைக் கூட்டத்தின் காணொளி பரவியது. நாடு முழுக்கக் கண்டனம். ரயில்வே சுவரை இடித்து வழிவிட்டது.

சுவரை எழுப்பிய பொறியாளரின் கணக்கு சரிவைப் பற்றியது, அதில் தவறில்லை. அந்த இடத்தில் யார் நடப்பார்கள் என்பதை வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் கட்டவும் வேண்டாம், இடிக்கவும் வேண்டாம். இத்தனைக்கும் பழைய பிரேக்ஸ்மேன்களுக்கும் கேங்மேன்களுக்கும் யானை இறங்கும் இடம் ஒவ்வொன்றும் மனப்பாடம். யானை தடத்தில் நின்றால் அது போகும்வரை ரயிலை நிறுத்திக் காத்திருப்பது இங்கே நடைமுறை. மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓர் அனுகூலம் அது. பாலக்காட்டு வாளையாறு பக்கம் ரயிலில் அடிபட்டுச் சாகும் யானைகளின் செய்தியைப் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கடைசியாக, மீண்டும் மழைக்கு வந்தால், ஐப்பசி, கார்த்திகையில் டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளம்புவதற்கு முந்தைய இரவு வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டு, செல்போனைச் சத்தத்தில் வைத்துக்கொண்டு தூங்குங்கள். ரயில் ரத்தானால் டிக்கெட் பணம் முழுதாகத் திரும்பிவிடும். ஊட்டியில் பிடித்த அறையின் முன்பணத்துக்கு அப்படி உத்தரவாதம் சொல்ல முடியாது.